பீட்சா கடையில் இல்லாத நிலவறை: ஓரத்துத் தளத்தில் பிறக்கும் வதந்தி நம் கைபேசிக்கு வரும் வழி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்தித் தளம் ஒன்றில் வதந்திகளைச் சரிபார்க்கும் வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். கல்யாணத்துக்குப் போனால்கூடப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பது இதைத்தான்: "இதெல்லாம் எங்கேருந்துப்பா கிளம்புது?" ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தேன். பத்து வதந்திகளை நுனிப்புல் மேய்வதைவிட ஒன்றை அடி முதல் நுனி வரை பார்ப்பது மேல். அதனால் 2016-இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு பீட்சா கடைக்கு அடியில் குழந்தைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கிளம்பிய கதையையே பெரும்பாலும் பிடித்துக்கொண்டு போகிறேன். அது எங்கே பிறந்தது, யார் கைமாற்றியது, எங்கே போய் வெடித்தது என்பதெல்லாம் கிட்டத்தட்ட நாள்வாரியாகப் பதிவாகியிருக்கிறது. அப்படி ஒரு வசதி நம் ஊர் வதந்திகளுக்குக் கிடைப்பதில்லை.

"ஓரத்துத் தளம்" என்று எதைச் சொல்கிறீர்கள்?

பெரும்பாலானோர் எட்டிப் பார்க்காத, ஆனால் கதவில் பூட்டும் இல்லாத இடங்களை. 4சான் நல்ல உதாரணம். ஜப்பானிய அனிமே ரசிகர்கள் படம் பகிர்ந்துகொள்வதற்காக 2003-இல் கிறிஸ்டோஃபர் பூல் என்ற 15 வயதுப் பையன் ஆரம்பித்தது அது. அங்கே கணக்குத் திறக்க வேண்டாம், பெயரும் வேண்டாம். பெயர் போடாத அத்தனை பேருக்கும் 'அனானிமஸ்' என்ற ஒரே பெயர்தான். ஒரு பதிவுக்குப் பதில் விழ விழ அது மேலே ஏறும். பதில் நின்றுபோனால் கீழே இறங்கி, கொஞ்ச நேரத்தில் தளத்தைவிட்டே போய்விடும்.

விஷயமே இந்தக் கடைசி ஏற்பாட்டில்தான் இருக்கிறது. நிதானமாக எழுதிய ஒன்றுக்கு யார் பதில் போடப்போகிறார்கள்? அது செத்துவிடும். திடுக்கிட வைப்பதும், கோபமூட்டுவதும், கெக்கலிக்க வைப்பதும் பிழைத்துக்கொள்ளும். ஒரு நாளில் அங்கே கொட்டப்படும் கதைகளில் எது பற்றிக்கொள்ளும், எது நமத்துப்போகும் என்பதைத் தளமே சலித்துக் கொடுத்துவிடுகிறது. அங்கே எழுதுகிறவர்களில் யார் நம்பி எழுதுகிறார், யார் விளையாட்டுக்கு எழுதுகிறார் என்று அவர்களுக்கே தெரியாது என்பது என் எண்ணம்.

அங்கே பேசுவது அங்கேயே கிடந்து போகாதா? வெளியே எப்படி வருகிறது?

பெரும்பாலும் அங்கேயேதான் கிடந்து போகும். வெளியே வருவதற்குத் தூக்கிக்கொண்டு போக ஆளும் வேண்டும், நேரமும் கூடி வர வேண்டும். பீட்சா கதையில் இரண்டும் அமைந்தன.

2016 மார்ச்சில், அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற ஹிலாரி கிளின்டனின் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயில் கடவுச்சொல்லை ஒரு போலி மின்னஞ்சல் மூலம் திருடினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 7 முதல், கசிந்த ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் அவருடைய கடிதங்களைத் தவணை தவணையாக வெளியிட்டது. ஆயிரக்கணக்கான கடிதங்கள், முக்கால்வாசி கொட்டாவி வரவைப்பவை. கூட்டம் எத்தனை மணிக்கு, யார் யார் வருகிறார்கள், ராத்திரிக்கு என்ன சாப்பாடு என்கிற ரகம். 2014-இல் வந்த ஒரு கடிதத்தில், ஒரு வீட்டில் யாரோ விட்டுப்போன கைக்குட்டையைப் பற்றி விசாரிக்கிறார்கள். பீட்சா சம்பந்தப்பட்ட ஏதோ வரைபடம் போல அதில் இருக்கிறது, உங்களுடையதா என்று கேள்வி. அவ்வளவுதான்.

நவம்பர் முதல் வாரத்தில் 4சானின் அரசியல் பிரிவில் ஆட்கள் இந்தக் கடிதங்களைக் குடைந்துகொண்டிருந்தார்கள். 'சீஸ் பீட்சா' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அந்தத் தளத்தில் ரொம்ப நாளாகவே குழந்தைகளின் ஆபாசப் படங்களைக் குறிக்கும் சங்கேதம். சரி, கடிதங்களில் பீட்சா என்று வரும் இடத்திலெல்லாம் அப்படியே படித்துப் பார்த்தால்? யாரோ ஒருவர் கிளப்பினார். அடுத்தவர் பாஸ்தாவுக்கு ஓர் அர்த்தம் கண்டுபிடித்தார். கைக்குட்டைக்கும் அர்த்தம் வந்துவிட்டது. வாஷிங்டனில் உள்ள 'காமெட் பிங் பாங்' என்ற பீட்சா கடையின் பெயர் கடிதங்களில் அடிபடுவதை இன்னொருவர் பிடித்தார். கட்சிக்காக நிதி திரட்டும் விருந்து தொடர்பாக வந்த பெயர் அது. கடைக்காரரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்தால் குழந்தைகள் சிரித்துக்கொண்டிருக்கும் படங்கள். குடும்பத்தோடு வந்து சாப்பிடும் கடையில் வேறு என்ன படம் இருக்கும்? ஆனால் தேடி வந்தவர்களுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. கடைக்கு அடியில் நிலவறை, அதில் கிளின்டனின் ஆட்கள் குழந்தைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கதை முற்றியது. அந்தக் கடைக்கு நிலவறையே கிடையாது.

இதே நாட்களில் இன்னொரு வாய்க்காலும் ஓடிக்கொண்டிருந்தது. கிளின்டன் அமைச்சராக இருந்தபோது அரசு வேலைக்குச் சொந்த மின்னஞ்சலைப் பயன்படுத்திய விவகாரத்தில் புதிதாகச் சில கடிதங்கள் கிடைத்திருப்பதாக எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி அக்டோபர் 28 அன்று நாடாளுமன்றத்துக்கு எழுதியிருந்தார். இரண்டே நாளில், நியூயார்க் வக்கீல் என்று சொல்லிக்கொண்ட ஒரு ட்விட்டர் கணக்கு, அந்தக் கடிதங்களில் குழந்தைக் கடத்தல் கும்பலின் தடயம் இருப்பதாகப் போலீஸ் சொல்கிறது என்று எழுதியது. போலீஸ் அப்படி எதுவும் சொல்லவில்லை. நவம்பர் 2 அன்று, பின்னாளில் அதிபரின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரான ஓய்வுபெற்ற ஜெனரல் மைக்கேல் ஃப்ளின், ஏறக்குறைய இதே கதையைச் சொன்ன ஒரு இணையதளத்தின் இணைப்பைப் போட்டு, கட்டாயம் படியுங்கள் என்றார். வாக்குப்பதிவுக்கு ஆறு நாள் இருந்தது.

இரண்டு வாய்க்காலும் கலந்தன. 4சானில் இருந்தது, ஏராளமானோர் விவாதிக்கும் ரெடிட் தளத்துக்குப் போனது. அங்கே இதற்கென்றே தனிப் பிரிவு திறந்து, படங்களையும் அம்புக்குறிகளையும் வைத்து 'ஆதாரத் தொகுப்பு' போட்டார்கள். நவம்பர் 23 அன்று ரெடிட் அந்தப் பிரிவை மூடியபோது காரியம் கைமீறியிருந்தது. யூடியூபில் மணிக்கணக்கில் விளக்கும் காணொளிகள் வந்துவிட்டன. துருக்கியில் அரசு ஆதரவுப் பத்திரிகைகள்கூட எடுத்துக்கொண்டன.

டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. வட கரோலினா மாநிலத்திலிருந்து 28 வயது ஆள் ஒருவர் பல மணி நேரம் காரோட்டி வந்து, துப்பாக்கியோடு அந்தக் கடைக்குள் நுழைந்தார். குழந்தைகளை மீட்க வந்ததாக எண்ணம். உள்ளே பூட்டியிருந்த ஒரு கதவைச் சுட்டுத் திறந்து பார்த்தார். கம்ப்யூட்டர் சாமான்கள் வைத்திருக்கும் சின்ன அறை. குழந்தைகள் யாரும் இல்லை என்றதும் துப்பாக்கியை வைத்துவிட்டு வெளியே வந்து சரணடைந்தார். நல்ல வேளையாக யாருக்கும் காயமில்லை. நான்கு ஆண்டுச் சிறை கிடைத்தது. தனக்குக் கிடைத்த தகவல் நூற்றுக்கு நூறு சரியானதாக இல்லை என்று பிறகு ஒரு பத்திரிகையிடம் சொன்னார்.

அவருடைய வழக்கு ஆவணங்களில் வருவது யூடியூபில் அவர் பார்த்த காணொளிகளைப் பற்றிய பேச்சு. கதை அவர் கைக்கு வந்து சேர்ந்தபோது 4சான் வாசனை போயிருந்தது.

வழியில் கதைக்கு என்ன ஆகிறது? அப்படியேவா வருகிறது?

கறுப்பாக வாந்தி எடுத்தவன் கதை நமக்குத் தெரியும். 'காக்கா மாதிரி கறுப்பா' என்று ஒருத்தர் சொல்ல, தெருக்கோடிக்குப் போவதற்குள் பத்துக் காக்கா பறந்து போயிருக்கும். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது மனிதப் பழக்கம், இணையம் வந்து கற்றுக்கொடுத்ததில்லை. ஆனால் அந்தப் பழைய கதையில் ஒரு வசதி உண்டு. சந்தேகம் வந்தால் தெருவில் திரும்பி நடந்து, "உனக்கு யாரம்மா சொன்னது?" என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே முதல் ஆளிடம் போய்விடலாம்.

இணையத்தில் அந்தத் தெருவைத்தான் காணோம். என் வேலையில் நான் பார்த்தவரை, கதை பெருப்பதைவிட ஆபத்தானது அதன் முகவரி அழிவது. 4சானில் இருக்கும்போது 'யாரோ பெயரில்லாதவன் எழுதியது' என்பது பளிச்சென்று தெரியும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரெடிட்டில் போட்டதும் 'ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டுபிடித்தது' ஆகிவிடுகிறது. யூடியூபில் ஒருவர் முகம் காட்டிப் பேசினால் 'அவர் சொன்னது'. ஃபேஸ்புக்கில் சித்தி பகிர்ந்தால் 'சித்தி சொன்னது'. ஒவ்வொரு கைமாற்றத்திலும் முந்தையவரைவிட நமக்கு நெருக்கமானவர் பொறுப்பேற்கிறார். அவர் சரிபார்த்திருப்பார் என்று நாம் நினைக்கிறோம். அவரும் தனக்கு முந்தையவரைப் பற்றி அதையேதான் நினைத்திருப்பார்.

இதில் ஸ்கிரீன்ஷாட் செய்யும் வேலை அசாத்தியமானது. தேதி போச்சு, இணைப்பு போச்சு, எழுதியவர் போச்சு, கீழே நாலு பேர் "சும்மா அளக்காதே" என்று போட்ட பதிலும் வெட்டுப்பட்டுப் போச்சு. எந்தத் தளத்திலும் ஒட்டலாம். மூலப் பதிவை அழித்தாலும் அது இருக்கும். திருட்டு நகையை உருக்கிய மாதிரி.

எல்லாம் யாரோ திட்டம் போட்டுச் செய்வதா?

இரண்டும் கலந்தது. திட்டமிட்டுத் தள்ளுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் சொற்பம். மற்றவர்கள் உண்மையாகவே நம்பி, உண்மையாகவே கவலைப்பட்டுத் தோள் கொடுப்பவர்கள். 'குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டும்' என்பதைவிட நல்ல எண்ணம் என்ன இருக்கிறது?

தள்ளுபவர்கள் எப்படித் தள்ளுகிறார்கள் என்பதற்குக் கியூஅனான் என்ற சதிக் கதையின் பக்கம் போக வேண்டும். பெரிய புள்ளிகள் சேர்ந்து குழந்தைகளைக் கடத்துகிறார்கள், டிரம்ப் அவர்களை ஒழிக்கப்போகிறார் என்பது அதன் சாரம். 2017 அக்டோபர் 28 அன்று 4சானில் ஒரு பெயரில்லாத பதிவு வந்தது: அக்டோபர் 30, திங்கட்கிழமை காலை 7:45-க்கும் 8:30-க்கும் இடையில் ஹிலாரி கிளின்டன் கைது செய்யப்படுவார். திங்கட்கிழமை வந்தது, போனது. யாரும் கைதாகவில்லை. எழுதியவர், அமெரிக்க எரிசக்தித் துறையின் உயர்மட்ட ரகசிய அனுமதியான 'கியூ' தன்னிடம் இருப்பதாகக் காட்டிக்கொண்டு மேலும் மேலும் புதிர் போட்டார். 4சானில் இப்படி 'நான் உள்ளே இருப்பவன்' என்று கிளம்பியவர்கள் அதற்கு முன்பும் உண்டு. எல்லோரும் சீக்கிரமே காணாமல் போனார்கள்.

இது ஏன் நிலைத்தது? முதல் பதிவு வந்த சில நாட்களிலேயே 4சானில் நிர்வாகப் பொறுப்பில் இருந்த இருவரும், பெரிதாக யாருக்கும் தெரியாத ஒரு யூடியூபரும் சேர்ந்து அதை ரெடிட்டுக்கும் யூடியூபுக்கும் எடுத்துப்போனார்கள் என்று என்.பி.சி. செய்தி நிறுவனம் 2018-இல் துருவி எழுதியது. 4சான் தளத்தின் முரட்டுத் தோற்றத்தைக் கண்டாலே ஓடிப்போகும் வயதானவர்களுக்கு ரெடிட்டும் யூடியூபும் தோதாக இருந்தன. 2018 ஜூலை கடைசியில் ஃப்ளோரிடாவில் டிரம்ப் பேசிய கூட்டத்தில் 'கியூ' என்று எழுதிய அட்டைகளும் பனியன்களும் தொலைக்காட்சிக் காமிராவில் விழுந்தன. ஒன்பது மாதத்தில் புதிர்ப் பதிவு ஊர்வலமாகிவிட்டது.

ஃபேஸ்புக், யூடியூப் நிறுவனங்களுக்குப் பங்கு இல்லையா?

இருக்கிறது. 2019 கோடையில் ஃபேஸ்புக்கின் ஆய்வாளர் ஒருவரே 'கேரல் ஸ்மித்' என்று ஒரு கற்பனைப் பெண்ணின் பெயரில் கணக்குத் திறந்தார். வட கரோலினாவில் வசிக்கும், பழமைவாதக் கட்சியை ஆதரிக்கும், குழந்தை வளர்ப்பில் ஆர்வமுள்ள நடுத்தர வயதுத் தாய். ஃபாக்ஸ் நியூஸ், டிரம்ப் மாதிரி சில பக்கங்களை விரும்பியதோடு சரி. சதிக் கதை எதையும் அவர் தேடவில்லை. இரண்டே நாளில் கியூஅனான் குழுக்களில் சேருங்கள் என்று ஃபேஸ்புக் பரிந்துரைத்தது. 2021-இல் உள் ஆவணங்கள் கசிந்தபோது இது வெளியே வந்தது. தீவிரவாதக் குழுக்களில் சேர்ந்தவர்களில் 64 சதவீதம் பேர் ஃபேஸ்புக்கின் பரிந்துரை வழியாகவே சேர்ந்தார்கள் என்று 2016-ஆம் ஆண்டு உள் அறிக்கை ஒன்றே சொல்லியிருக்கிறது.

அதாவது, ஓரத்துத் தளத்தைத் தேடி மக்கள் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. ஓரத்தை நடுக்கூடத்துக்கு இழுத்து வந்து பாய் விரித்து உட்கார வைத்தது இந்த ஏற்பாடுதான். கம்பெனிகள் 'நாங்கள் வெறும் பலகை, எழுதுபவர் யாரோ' என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. பலகை யாரையும் கைபிடித்து அழைத்துப் போவதில்லை.

பத்திரிகைகள் மறுத்து எழுதினால் போதாதா?

மறுத்து எழுதுவதுதான் என் பிழைப்பு, எனவே இதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்ல வேண்டும். ஒரு வதந்தி 200 பேரோடு நின்றிருக்கும்போது நாங்கள் 'பரவும் வதந்தி: உண்மை என்ன?' என்று தலைப்புப் போட்டால், அதுவரை கேள்வியே படாத இரண்டு லட்சம் பேருக்கு அறிமுகப்படுத்தி வைத்த பாவம் வந்து சேரும். ஓரத்துத் தளத்தார் சிலர் குறி வைப்பதே இதற்குத்தான். திட்டினாலும் பரவாயில்லை, பெரிய ஊடகம் பெயரைச் சொன்னால் அவர்களுக்கு வெற்றி. விட்னி ஃபிலிப்ஸ் என்ற ஆய்வாளர் 2018-இல் இதைப் பற்றி விரிவாகவே எழுதினார்.

எங்கள் மேசையில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். தன் கூட்டத்தைவிட்டு இன்னும் வெளியே வராத கதையைத் தொடுவதில்லை. சம்பந்தமே இல்லாத இரண்டு மூன்று இடங்களிலிருந்து கேட்டு வந்தால் எழுதுகிறோம். தலைப்பில் பொய்யைப் போடாமல் உண்மையைப் போடுகிறோம், ஏனென்றால் பாதிப் பேர் தலைப்போடு நிறுத்திவிடுவார்கள். இந்தக் கணக்கு சில நேரம் தப்பியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

படித்தவர்கள்கூட ஏன் விழுகிறார்கள்?

படிப்புக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மை போலத் தோன்ற ஆரம்பிக்கும் என்று 1977-லேயே உளவியலாளர்கள் சோதித்துக் காட்டிவிட்டார்கள். அதோடு, இந்தக் கதைகள் 'நம்பு' என்று சொல்வதில்லை, 'நீயே தேடிப் பார்' என்கின்றன. தானே கண்டுபிடித்ததை யார்தான் எளிதில் விடுவார்கள்?

2020 ஜூலையில் நடந்த அலமாரி விவகாரத்தைப் பாருங்கள். வேஃபேர் என்பது அமெரிக்காவில் இணையம் வழியாக மேசை நாற்காலி விற்கும் நிறுவனம். அதில் சில அலமாரிகளின் விலை பத்தாயிரம் டாலருக்கு மேல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பெண் பெயர்: நெரியா, யாரிட்சா, சமியா. ரெடிட்டில் சதிக் கதைகள் பேசும் பிரிவில் ஒருவர் கேட்டார்: காணாமல் போன பெண் குழந்தைகளை அலமாரி என்ற பெயரில் விற்கிறார்களோ?

ஓரிரு நாளில் ட்விட்டர், இன்ஸ்டாகிராம், டிக்டாக் எல்லாம் இதே பேச்சு. அதில் ஒரு 'சோதனை' சுற்றியது. அலமாரியின் சரக்கு எண்ணை, கூடவே ஓரிரு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து, யாண்டெக்ஸ் என்ற ரஷ்யத் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள், இளம் பெண்களின் படம் வரும். போட்டுப் பார்த்தார்கள், வந்தது! வயிற்றைப் பிசையாதா? ஆனால் சரக்கு எண்ணுக்குப் பதில் வாயில் வந்த எந்த எண்ணைப் போட்டாலும் அதே மாதிரிப் படங்கள்தான் வந்தன. அந்தத் தேடுபொறியின் கோளாறு அது. எண்ணை மாற்றிப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று பெரும்பாலானோருக்குத் தோன்றவில்லை. தேடியது என்னவோ நிஜம், ஆனால் எதைத் தேட வேண்டும் என்பதை வேறு யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அவை தொழிற்கூடங்களுக்கான பெரிய அலமாரிகள், விலை சரிதான் என்றது நிறுவனம். 'காணாமல் போனவர்' என்று படம் சுற்றிய ஒரு பெண் ஃபேஸ்புக் நேரலையில் வந்து, நான் காணாமல் போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. மனிதக் கடத்தலுக்கு எதிரான உதவி எண்ணை நடத்தும் போலாரிஸ் அமைப்பு, இந்தக் கதையை நம்பிக் குவிந்த புகார்களால் நிஜமாகவே உதவி தேவைப்படுபவர்களைக் கவனிப்பது கடினமாகிறது என்று அறிக்கைவிட்டது.

பொய் உண்மையைவிட வேகமாகப் பரவும் என்பது உண்மையா?

ட்விட்டர் வரைக்கும் உண்மை. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுற்றிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்து ஆராய்ந்தார்கள். பொய் மறுபகிர்வாகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்கு, பொய்யைப் போல ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இதற்குத் தானியங்கிக் கணக்குகள்தான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கதை மாறவில்லை. பரப்பியது மனிதர்கள்தான்.

இதில் யாருக்குக் காசு?

கதையைப் போடுபவர்களுக்கு, விளம்பரம் வழியாக. 2016 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் வட மாசிடோனியாவில் (அப்போது பெயர் மாசிடோனியா) வெலெஸ் என்ற சிறிய ஊரிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட டிரம்ப் ஆதரவு இணையதளங்கள் நடந்தன. நடத்தியவர்களில் பலர் பதின்வயதுப் பையன்கள். அமெரிக்காவில் யார் ஜெயித்தாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. எந்தக் கதைக்கு அதிகம் பேர் சொடுக்குகிறார்களோ அதை எடுத்துப் போட்டார்கள். யூடியூபர்களுக்கும் இதே கணக்குத்தான்.

நம் ஊரில் 4சான் யார் பார்க்கிறார்கள்? நமக்கு ஏன் இந்தக் கதை?

நியாயமான கேள்வி. தமிழில் வரும் வதந்திகள் பெரும்பாலும் அந்த வழியாக வருவதில்லை. நமக்கு ஓரம் என்பது வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் உள்ள மூடிய குழுக்கள். வெளியாள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதால் 4சானைவிடச் சிக்கலானவை.

ஆனால் முகவரி அழிவது மட்டும் அச்சு அசல் அதேதான். 2018-இல் இந்தியா முழுக்கச் சுற்றிய குழந்தைக் கடத்தல் காணொளி நினைவிருக்கும். பைக்கில் வரும் இரண்டு பேர், தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அடுத்த சில விநாடிகளில் அவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஒரு வாசக அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். கராச்சித் தெருவில் குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று அதில் எழுதியிருக்கும். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டினார்கள், அவ்வளவுதான் வேலை. அந்த ஆண்டு கிளம்பிய கடத்தல் பீதியில், மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கோயிலுக்கு வந்த வயதான பெண் ஒருவர், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்ட கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று இந்தியில் சுற்றிய காணொளிகளும் இதே வகை. எங்கெங்கோ வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகளை எடுத்துத் திருப்பூர் என்று பெயர் வைத்தார்கள். பீகார் சட்டமன்றம் வரை போய், அங்கிருந்து அதிகாரிகள் குழு இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனது.

தடை செய்தால் தீர்ந்துவிடுமா?

கொஞ்சம் குறையும். ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் 2018 ஜூலையில் இந்தியாவில் வரம்பு போட்டது. பல கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கியது. அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. யாரையும் வாயடைக்காமல் வேகத்தை மட்டும் குறைத்த இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது.

குழுக்களை மூடுவது வேறு கதை. ரெடிட் 2018-லேயே கியூஅனான் பிரிவுகளை மூடியது. ஃபேஸ்புக் 2020 அக்டோபர் வரை இழுத்தடித்தது. அதற்குள் அந்தக் கூட்டம் 'குழந்தைகளைக் காப்போம்' என்ற, யாரும் குறை சொல்ல முடியாத முழக்கத்துக்குள் புகுந்துகொண்டிருந்தது. 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்த கும்பலிலும் கியூ பனியன்கள் இருந்தன.

எங்கள் குடும்பக் குழுவில் பெரியவர் ஒருவர் தினமும் ஏதாவது அனுப்புகிறார். என்ன செய்வது?

நான் செய்து கெட்டதைச் சொல்கிறேன். என் பெரியப்பா ஒருமுறை, குறிப்பிட்ட எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள், போன் வெடித்துவிடும் என்ற செய்தியைக் குழுவில் போட்டார். நான் தொழில் திமிரில் எல்லோர் முன்னாலும் நாலு இணைப்பைப் போட்டு மறுத்தேன். பெரியப்பா குழுவைவிட்டே போய்விட்டார். அத்தை போன் செய்து, "பெரியவர்கிட்ட இப்படியா பேசுவ?" என்று கேட்டார். மூன்று வாரம் ஆயிற்று சமாதானமாக.

அடுத்த முறை தனியாகப் போன் செய்தேன். "பெரியப்பா, இது உங்களுக்கு யார் அனுப்பினது?" கூட வாக்கிங் போகும் நண்பராம். "அவருக்கு யார் அனுப்பினாங்களாம்?" விசாரித்துச் சொல்கிறேன் என்றார். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "அவன் மருமகன் அனுப்பினானாம்ப்பா. அவனுக்கு எந்தக் குழுவில வந்ததுன்னே ஞாபகம் இல்லையாம்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் அவராகவே அழித்துவிட்டார். எல்லா நேரமும் இப்படி நடக்காது. அடுத்த வாரமே வேறு ஒன்று அனுப்பினார்.

படமோ காணொளியோ என்றால் ஒரு காட்சியை எடுத்து கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். எந்த வருடத்துப் படம், எந்த ஊர் என்பது பல நேரம் அதிலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பீட்சா கடை என்ன ஆயிற்று?

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் விடவில்லை. கொலை மிரட்டல்கள் கடைக்காரருக்கு மட்டுமில்லாமல் அதே தெருவில் உள்ள புத்தகக் கடைக்கும் மற்ற கடைகளுக்கும் போயின. 2019 ஜனவரியில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஒருவர் கடையின் பின்னறையில் தீ வைத்தார். ஊழியர்கள் உடனே அணைத்துவிட்டார்கள். அவருக்கும் நான்கு ஆண்டுச் சிறை.

2020-இல் டிக்டாக்கில் இந்தக் கதை புதிதாகக் கிளம்பியது. பாடகர் ஜஸ்டின் பீபர் இன்ஸ்டாகிராம் நேரலையில் இருந்தபோது, நீங்களும் இந்தக் கும்பலால் பாதிக்கப்பட்டவரானால் தொப்பியைத் தொடுங்கள் என்று யாரோ கருத்துப் போட்டார்கள். அவர் தற்செயலாகத் தொப்பியைச் சரிசெய்தார். அவர் அந்தக் கருத்தைப் பார்த்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. ஆனால் அந்தச் சில விநாடிகளை வெட்டி எடுத்துச் சுற்றவிட்டார்கள். பகிர்ந்தவர்களில் பலர் 2016-இல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்குக் கைக்குட்டையும் தெரியாது, 4சானும் தெரியாது. தொப்பி மட்டும்தான் தெரியும்.